வெள்ளிக்கரடு இரும்பாலையில் பன்னிரண்டு பேர்

தையல்நாயகிக்கு அந்த மாதம் பேச்சில் முந்நூறு சொல் குறைந்திருந்தது.

அது ஒன்றும் அதிசயமில்லை. அவள் குடியிருந்த எழுபது மாடிக் கட்டடத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தக் குறைபாடு உண்டு. பிறந்த பத்தாம் நாளே எல்லோருக்கும் காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், மிளகளவு சொல்மானி ஒன்றைப் பதித்துவிடுவார்கள். ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் பேசி, அவர் பதிலும் சொன்னால் அது எண்ணிக்கொள்ளும். இயந்திரத்திடம் பேசினால் எண்ணாது. தனக்குத்தானே புலம்பினாலும் எண்ணாது. ஆள் சுகமாக இருக்க மாதத்துக்கு முந்நூறு சொல் வேண்டும் என்பது உரையாடல் நலவாரியத்தின் கணக்கு. தையல்நாயகிக்குத் தேவைப்பட்டதும் முந்நூறு, குறைந்ததும் முந்நூறு. அதாவது, அந்த மாதம் அவள் எந்த மனிதரிடமும் வாயைத் திறக்கவில்லை.

இரத்தத்தில் இரும்பு குறைந்தால் மாத்திரை எழுதித் தருவதுபோல, பேச்சு குறைந்தால் வாரியம் சுற்றுலா எழுதித் தரும். அவளுக்கு வந்த சீட்டில் இப்படி இருந்தது: 'வெள்ளிக்கரடு இரும்பாலை, பாதுகாக்கப்பட்ட தொல்லிடம். வழிகாட்டியுடன் மூன்று மணி நேரம். குழுவில் பன்னிரண்டு பேர். உங்களைத் தவிரக் குறைந்தது ஒருவராவது அசல் மனிதர் என்பதற்கு வாரியம் உத்தரவாதம்.'

அந்தக் கடைசி வரியைத்தான் அவள் நான்கு முறை படித்தாள். ஏற்கெனவே இரண்டு மாதம் தவறிவிட்டது. மூன்றாவது மாதமும் தவறினால் கூடல் இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கே நானூறு பேர் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து தூங்க வேண்டும். திரும்பி வந்தவர்கள் யாரும் இல்லை. அவளுக்கோ அந்த நாற்பத்தோராவது மாடி வீடும், பால்கனித் தொட்டியில் வருஷத்துக்கு ஏழு காய் காய்க்கும் எலுமிச்சையும்தான் உலகம். ஐம்பத்தாறு வயதில் ஊர் பேர் தெரியாதவர்களோடு பாயைப் பகிர்ந்துகொள்ளவா? கூடவே கூடாது. தனியாக இருப்பது அவளுக்குப் பழகிப்போயிருந்ததே தவிரப் பிடித்துப்போகவில்லை. ஆனாலும் வீடு வீடுதானே.

ஆகவே மாதத்தின் கடைசி நாளான அன்று காலை பத்து மணிக்கு அவள் வெள்ளிக்கரட்டில் இறங்கியபோது, பன்னிரண்டு பேரில் அந்த ஒரு மனிதர் யார் என்று கண்டுபிடிக்கும் வேகத்தில்தான் இருந்தாள்.

மற்றவர்கள் யார் என்று கேட்கிறீர்களா? நிரப்பிகள். மனித உருவ இயந்திரங்கள். ஆளில்லாத இடத்துக்கு எந்த ஆளும் வருவதில்லை என்பதைச் சுற்றுலாத் துறை என்றைக்கோ புரிந்துகொண்டுவிட்டது. கூட்டம் இருந்தால்தான் கூட்டம் சேரும். எனவே கோவில், கடற்கரை, அருங்காட்சியகம் என்று எங்கு பார்த்தாலும் நிரப்பிகளை விட்டிருந்தார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அவை வியர்க்கும், இருமும், எதையாவது கொறிக்கவும் செய்யும். எது நிரப்பி என்று சொல்வது சட்டப்படி குற்றம். சொல்மானியும் கணக்கை வாசலை விட்டு வெளியேறும்போதுதான் சொல்லும். முன்பெல்லாம் உடனே சொல்லிக்கொண்டிருந்தது. ஜனங்கள் ஆளுக்கு ஒரு 'வணக்கம்' போட்டு, எண்ணிக்கை ஏறுகிறதா என்று தூண்டில் போட ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் ஊருக்கெல்லாம் தெரிந்த அடையாளம் ஒன்று இருந்தது. நிரப்பி தானாக முதலில் பேசும், மனிதர் பேசமாட்டார். முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் சிரித்து, "எந்த ஊருங்க?" என்று கேட்கிற மனிதர் இந்தக் காலத்தில் எங்கே இருக்கிறார்? அப்படி யாராவது கேட்டால், 'வேண்டாம், நன்றி' என்று சொல்லிவிட்டு நகர்வதுதான் நாகரிகம். இயந்திரத்திடம் மட்டுமே சொல்லப்படுவதால் அந்த இரண்டு சொற்களைச் சொல்மானி எண்ணுவதே இல்லை.

வாசலில் எல்லோருக்கும் மஞ்சள் தலைக்கவசம் கொடுத்தார்கள். முன்னால் பெயர் ஒட்டியிருந்தது. தையல்நாயகி கவசத்தை மாட்டி நிமிர்வதற்குள் எட்டுப் பேர் அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டார்கள். எட்டையும் மனசுக்குள் கோடு போட்டு அடித்துவிட்டாள். ஒன்பதாவதாக ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். கால்களை அகட்டி, தரை நழுவிவிடுமோ என்று பயந்தவர்போல நடந்தார். கவசத்தில் அர்த்தநாரி என்று இருந்தது. கையில் காகிதப் பொட்டலம்.

"வறுத்த கடலைங்க. சூடா இருக்குது. கொஞ்சம் எடுத்துக்கோங்க" என்று நீட்டினார்.

கடலையாம்! இப்போதெல்லாம் கையில் தீனியைக் கொடுத்தே அனுப்புகிறார்கள்.

"வேண்டாம், நன்றி" என்றாள் தையல்நாயகி.

அவர் முகம் வாடவில்லை. இரண்டு கடலையை வாயில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

மிச்சம் இருந்தவர்கள் இருவர். ஒருவன் ஒரே நகைச்சுவையை ஒரே ஏற்ற இறக்கத்தோடு இரண்டு தடவை சொன்னான், அவனும் அடிபட்டான். கடைசியாக ஒரு பெண். சாம்பல் நிறச் சேலை, நாற்பது வயது, பெயர் மரகதம். யாரையும் பார்க்கவில்லை. யாரோ வணக்கம் சொன்னபோது முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். நடுவில் ஒரு தரம் சலிப்போடு உச்சுக் கொட்டினாள்.

தையல்நாயகிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இவள்தான். சந்தேகமே இல்லை.

வழிகாட்டி ஒளிவுமறைவில்லாத இயந்திரம். மார்பில் சிவப்புப் பட்டை, குரலில் மட்டும் நல்ல கொங்குச் சாயல். "வாங்க வாங்க, பாத்து வாங்க. தண்டவாளம் தடுக்கும்" என்று அழைத்துக்கொண்டு முன்னால் நடந்தது.

முதலில் டைம் ஆபீஸ். ஒரு சுவர் முழுக்க ஆணி, ஒவ்வோர் ஆணியிலும் ஒரு பித்தளை வில்லை, வில்லையில் எண். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தினமும் இந்த வில்லையை எடுத்துக்கொண்டு உள்ளே போய், திரும்பும்போது மாட்டிவிட்டுப் போனார்களாம். மூவாயிரம் பேரா! ஒரே இடத்திலா! தையல்நாயகிக்குத் தலை சுற்றியது. அப்புறம் தாதுக் கிடங்கு. செம்மண் நிறத்தில் மலைபோல் குவியல், பாதி அசல், பாதி பூச்சு. சுண்ணாம்புக்கல், கரி, தாது எல்லாம் தொட்டி தொட்டியாக மேலேறி ஊதுலையின் தலையில் கொட்டப்பட்ட விதத்தை வழிகாட்டி விளக்கியது.

"நிலாவுல நாங்க தாதை வேற மாதிரி உடைப்போம்" என்றார் அர்த்தநாரி, அவள் காதோரமாக. "இருபத்தாறு வருஷம் அங்க சுரங்கத்துல கெடந்தேங்க. ஒத்தை ஆள், நாலு துளைப்பான். இறங்கி வந்து ஒன்பது மாசந்தான் ஆச்சு. இங்க எடை ஜாஸ்தி, இன்னும் நடையே வரல. நீங்க நிலாப் பக்கம் போயிருக்கீங்களா?"

கதை கட்டுவதிலும் நன்றாகத்தான் தேறிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். நடையைக்கூட அதற்கேற்பப் பழக்கியிருக்கிறார்கள், பாருங்களேன்.

"வேண்டாம், நன்றி."

சொல்லிவிட்டு விடுவிடுவென்று முன்னால் போய் மரகதத்தின் பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். பேச வேண்டும். ஆனால் எப்படி ஆரம்பிப்பது? முதலில் பேசினால் தன்னையே நிரப்பி என்று நினைத்துவிடுவாளே! இருபது அடி தூரம் தவித்தாள். கடைசியில் வீட்டை நினைத்துக்கொண்டு துணிந்துவிட்டாள்.

"வெயில் கொஞ்சம் அதிகமா இருக்கு, இல்லையா?"

"ம்" என்றாள் மரகதம். பார்வை மணிக்கட்டில் இருந்தது.

என்ன ஓர் அலட்சியம்! தையல்நாயகிக்குக் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. முதல் தட்டிலேயே கதவு திறந்துவிட்டது. அதன்பிறகு அவள் வாய் ஓயவில்லை. தான் பார்க்கும் வேலையைச் சொன்னாள். யார் யாரோ எழுதி அனுப்பும் புகார்களைத் தரம் பிரித்து அடுக்கும் வேலை அது, எல்லாமே எழுத்து, ஒரு குரல்கூடக் கேட்காது. எலுமிச்சையைப் பற்றிச் சொன்னாள். வடக்கே இருக்கும் தங்கை பேசி மூன்று வருஷம் ஆவதைச் சொன்னாள். ஊதுலைக்கு ஏறும் இரும்புப் படிகளில், யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிட்டாள்.

"போன ஆடியில குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன். இடுப்பு பிடிச்சிக்கிச்சு, எழுந்திருக்க முடியல. பதினாலு மணி நேரம் அப்படியே கிடந்தேன். கத்தினா யாராவது வருவாங்க. ஆனா என்னன்னு கத்துறது? யார் பேரைச் சொல்லிக் கத்துறது? பக்கத்து வீட்டுல யாரு இருக்காங்கன்னே எனக்குத் தெரியல."

குரல் உடைந்துவிட்டது. இத்தனை நாள் அது தனக்குள் இவ்வளவு கனமாகக் கிடந்தது என்று அவளுக்கே தெரியாது.

"இதையெல்லாம் எங்கிட்ட ஏன் சொல்றீங்க?" என்றாள் மரகதம். "உங்க கஷ்டம் உங்களுக்கு. என்னைக் கொஞ்சம் சும்மா விடுறீங்களா?"

அடேயப்பா, எவ்வளவு நீளமான பதில்! கண்ணைத் துடைத்துக்கொண்டே தையல்நாயகி சொற்களை எண்ணினாள். இந்த வேகத்தில் போனால் முந்நூறென்ன, நானூறே தேறும். மனசு காயப்படத்தான் செய்தது. ஆனாலும் மனிதர் கையால் பட்ட காயம் என்பதில் ஓர் ஆறுதல் இருந்தது.

படியின் திருப்பத்தில், பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"அந்த இடுப்பு வலி இப்ப எப்படிங்க இருக்குது? படி ஏறலாமுங்களா? இந்தக் கம்பியைப் பிடிச்சுக்கோங்க."

அர்த்தநாரிதான். ஒட்டுக்கேட்டிருக்கிறது! கேட்ட தகவலை உடனே எடுத்து விற்கப் பார்க்கிறது! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேண்டாம், நன்றி" என்றாள், இந்தத் தடவை கொஞ்சம் உரக்கவே.

அவர் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

உலைக்களம் பெரிய கோவில் மண்டபத்தின் அகலம் இருந்தது. நடுவில் ஊதுலை, கறுத்துப்போன கோபுரமாக. அடியில் களிமண்ணால் அடைத்த உலைவாய். அதிலிருந்து மணலில் வெட்டிய வாய்க்கால்கள் கிளைபிரிந்து ஓடின. உலை அணைந்து இரண்டு நூற்றாண்டு ஆகிறது. ஆனால் வழிகாட்டி கையசைத்ததும் வாய்க்கால்களில் செந்நிற ஒளி ஓடியது, மேலேயிருந்து சூடான காற்று இறங்கியது, எங்கிருந்தோ ஒரு பேரிரைச்சல் எழுந்தது. சங்கு ஊதியது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"இது ரெக்கார்டு பண்ணி வெச்ச சத்தம். அசலில் பத்துல ஒரு பங்குதான்" என்றது வழிகாட்டி. "இந்தச் சத்தத்துக்குள்ளதான் அவங்க எட்டு மணி நேரம் நின்னாங்க. பேசினா பக்கத்து ஆளுக்குக் கேக்காது. அதனால ஒரு வழக்கம் வெச்சிருந்தாங்க. உலைவாயைத் திறக்குறதுக்கு முன்னாடி, களத்துல இருக்கிற பதினாலு பேரையும் மேஸ்திரி பேர் சொல்லிக் கூப்பிடுவாரு. ஒவ்வொருத்தரும் 'இருக்கேன்'னு கத்தணும். பதினாலு பதிலும் வந்தாத்தான் உலைவாயைக் குத்தித் திறக்கிற கம்பியைத் தொடுவாங்க. ஒருத்தர் கொறைஞ்சாலும் இரும்பை வெளிய விடமாட்டாங்க."

"ஏன்?" என்றது நிரப்பிகளில் ஒன்று, சரியான இடத்தில்.

"ஓடி வர்ற இரும்புக்கு எதிர்ல யாராவது குனிஞ்சு நின்னுட்டிருந்தா? அதான். பதில் வரலைன்னா, அந்த ஆளுக்குப் பக்கத்துல நிக்கிறவர் பொறுப்பு. 'இருக்கான், பக்கத்துல இருக்கான்'னு அவர் சொல்லணும், இல்லைன்னா தேடிக் கூட்டிட்டு வரணும். ஒரு தடவை நாப்பது நிமிஷம் உலையைத் திறக்காம வெச்சிருந்தாங்க. கடைசியில பாத்தா அந்த ஆள் கேண்டீன்ல வடை தின்னுட்டு இருந்திருக்காரு. அவரை யாரும் திட்டலையாம், ஆள் கிடைச்சதே போதும்னு."

சுவரில் ஒரு மரப்பலகை. அதில் பதினான்கு பெயர்கள், கரி படிந்து மங்கியவை. தையல்நாயகி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். குளியலறைத் தரையின் குளிர்ச்சி அவள் முதுகில் மறுபடி ஏறியது. பதினான்கு மணி நேரம். அன்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை.

"இப்ப நாமளும் ஒரு தடவை செஞ்சு பாப்போம்" என்றது வழிகாட்டி. "நான் கூப்பிடுறேன், நீங்க பதில் குடுங்க. சத்தமா!"

இரைச்சலுக்கு நடுவே பெயர்கள் விழுந்தன. நிரப்பிகள் உற்சாகமாகக் கத்தின. மரகதம் வாய்க்குள் முணுமுணுத்தாள். அர்த்தநாரி கழுத்து நரம்பு புடைக்க, "இருக்கேன்!" என்றார். சத்தத்தில் கூரைப் புறா ஒன்று பறந்தது.

"தையல்நாயகி!"

அவளுக்கு வாய் வரவில்லை. இத்தனை இயந்திரங்களுக்கு முன்னால் நின்று கத்துவதா? கூச்சம் ஒரு பக்கம், குளியலறை ஞாபகம் ஒரு பக்கம். குனிந்துகொண்டாள்.

"தையல்நாயகி!"

வாய்க்கால்களில் ஒளி அப்படியே நின்றது. வழிகாட்டி காத்திருந்தது.

"இருக்காங்க!" என்றது பக்கத்திலிருந்து ஒரு குரல். "பக்கத்துலதான் இருக்காங்க! நான் பாத்துட்டுதான் இருக்கேன்!"

அர்த்தநாரி கையை உயர்த்தி நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. உலைவாய் திறந்தது, செந்நிற ஒளி பாய்ந்து வாய்க்கால்களில் நிறைந்தது, நிரப்பிகள் கைதட்டின.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், தையல்நாயகிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உடனே சுதாரித்துக்கொண்டாள். இயந்திரத்துக்குக் கண்ணீர் வரவழைப்பது ஒரு வித்தையா? அவர் பொட்டலத்தை மறுபடி நீட்டி, "தண்ணி ஏதாச்சும் வேணுங்களா? முகம் வெளுத்துப்போச்சு" என்றபோது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேண்டாம், நன்றி."

அவர் பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சுற்றுலா ஒரு மணிக்கு முடிந்தது. வெளியேறும் வழி இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் பழைய வேகன் கொட்டகை, வலப்பக்கம் ஆளுக்கொருவராகப் போகும் கண்ணாடிக் கதவு. யாரும் சொல்லாமலே நிரப்பிகள் வரிசையாகக் கொட்டகைப் பக்கம் நடந்தன. வணக்கம் சொன்ன எட்டும், நகைச்சுவைக்காரனும் போனார்கள். வரிசையின் கடைசியில், சலிப்போடு உச்சுக் கொட்டிக்கொண்டே, சாம்பல் நிறச் சேலையும் போயிற்று.

தையல்நாயகி அப்படியே நின்றுவிட்டாள்.

"அந்தம்மா... மரகதம்... அங்க ஏன் போறாங்க?"

"புது வகைங்க" என்றது வழிகாட்டி பெருமையோடு. "சுத்திப் பாத்து முடிஞ்சாச்சு, இனிச் சொல்லலாம், தப்பில்லை. பழைய வகை ரொம்ப அன்பாப் பேசுது, அதனாலேயே ஜனங்க கண்டுபிடிச்சுடுறாங்கன்னு புகார் வந்துச்சு. இது முகம் குடுக்காது, பதில் சொல்லாது, எரிஞ்சு விழும். போன மாசந்தான் வந்துச்சு. எல்லாரும் இதைத்தான் மனுஷங்கன்னு நம்புறாங்க. நல்ல பேரு!"

வலப்பக்கக் கதவின் முன்னால் ஒரே ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். முதுகு தெரிந்தது. கால்கள் அகன்றிருந்தன.

"பேசியவை அறுநூற்றுப் பன்னிரண்டு" என்றது கதவின் குரல். "மனிதரிடமிருந்து பதில் பெற்றவை பூஜ்யம்."

"பூஜ்யமா?" அர்த்தநாரி தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். "அப்ப அந்தம்மாவும் மிஷினுதானா? நல்லாத்தான் செஞ்சிருக்காங்க போங்க. இடுப்பு வலியெல்லாம் வெச்சு. நானும் நம்பிட்டேன்."

"ஏங்க!" என்று தையல்நாயகி ஓடினாள். "ஏங்க, நில்லுங்க!"

கதவு அவரை விழுங்கி மூடிக்கொண்டது. அவள் முறை வந்தது.

"பேசியவை நானூற்று நாற்பது. மனிதரிடமிருந்து பதில் பெற்றவை பூஜ்யம்."

"அவர் மனுஷர்தானே? அவர்கிட்ட நான் பேசினேனே! பேசினேன், நல்லா ஞாபகம் இருக்கு!"

"அவரிடம் நீங்கள் சொன்னது எட்டுச் சொற்கள்" என்றது கதவு. "எட்டும் கணக்கில் சேராதவை. பேருந்து தயாராக இருக்கிறது. உங்கள் எலுமிச்சைத் தொட்டி நாளை வந்து சேரும்."

வெளியே கூடல் இல்லத்தின் பேருந்து நின்றது. அக்கம்பக்கத்துச் சுற்றுலாக்களில் தவறியவர்களையும் ஏற்றியிருந்தார்கள், மொத்தம் நாற்பத்திரண்டு பேர். நிரப்பி ஒன்றுகூடக் கிடையாது. ஏழாவது வரிசையில் ஜன்னலோரம் அர்த்தநாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கை காலி. தையல்நாயகி போய் உட்கார்ந்தாள். வீடு போய்விட்டது, எலுமிச்சைகூட நாளைக்குத்தான். அதெல்லாம் இப்போது இரண்டாம்பட்சமாகிவிட்டது. உலைக்களத்தில் தனக்காகக் கையை உயர்த்திய மனிதர் அரை அடி தூரத்தில் இருந்தார். என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்பதா? கடைசியில் அவர் கேட்டதற்கே பதில் சொன்னாள்.

"நான் நிலாப் பக்கம் போனதில்லீங்க. இடுப்பு வலி இப்ப பரவாயில்லை. அந்தக் கடலை இன்னும் கொஞ்சம் இருக்குங்களா?"

அர்த்தநாரி திரும்பி அவளைப் பார்த்தார். களைத்துப்போயிருந்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு சொல்லும் வீணாகப் போன களைப்பு அது. ஒன்பது மாதத்தில் இந்த ஊரின் நடை வராவிட்டாலும் இந்த ஊரின் நாகரிகத்தை அன்று காலைதான் அவர் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுலயும் ஏத்திட்டாங்களா?" என்று முணுமுணுத்தார். பிறகு, மரியாதை குறையாமல், "வேண்டாம், நன்றி" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்லீங்க, நான் நெஜமாவே..." என்று தொடங்கினாள். முன் இருக்கையிலிருந்த இருவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். இயந்திரம் ஒன்று பழுதாகிப் புலம்புகிறது என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பேருந்தில் நாற்பத்திரண்டு மனிதர்கள். நாற்பத்திரண்டு பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் இயந்திரம் கண்ணாடியில் பின்னால் பார்த்தது.

"எல்லாரும் இருக்கீங்களா?" என்று கேட்டது.

யாரும் பதில் சொல்லவில்லை. விதிப்படி மூன்று நொடி காத்திருந்துவிட்டு வண்டியை எடுத்தது.